சூடு வராத மெஷினும் மூன்றாம் வீட்டு அக்காவும்

ஒரு பொருள் கெட்டுப்போனால் நானும் நீங்களும் முதலில் ‘ஐயோ’ என்போம். மூன்றாம் வீட்டு அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சி?” என்றுதான் கேட்பார். மிக்ஸி நின்றுபோனாலும் அதே கேள்வி, கல்யாணம் நின்றுபோனாலும் அதே கேள்வி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுதினால் எப்படியும் அவர் காதுக்குப் போய்விடும். போன் போட்டு, “யாரு உன்னைக் கிளப்பி விட்டது, எழுதறதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சி?” என்று ஆரம்பிப்பார். தினமும் பெங்களூர் வேலைக்குக் காலை ரயிலைப் பிடிக்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

கோலார் பக்கம் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்களுடையது லைன் வீடு. ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். ஒரு வீட்டில் சண்டை என்றால் மூன்று வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அக்கா மூன்றாம் வீடு, நாங்கள் ஐந்தாம் வீடு. மண்வாரி எந்திரம் செய்கிற பெரிய தொழிற்சாலையில் ஒயர்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர, அங்கே கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றவில்லை. புடவைக்கு மேல் அந்தக் கோட்டு, கோட்டுப் பையில் டெஸ்டர், கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. பால் வாங்கப் போவதும் அந்தக் கோலத்தில்தான்.

லைனில் எது கெட்டாலும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை, அவரே வந்துவிடுவார். வந்ததும் மீட்டர் போர்டிலிருந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வார். வேலை செய்கிறவர் கையில்தான் கரண்ட் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் உள்ள எல்லோரையும் எதிரே நிற்க வைத்து விசாரணையைத் தொடங்குவார். அதை அவர் ‘என்கொயரி’ என்பார். யார் கடைசியாகத் தொட்டது, தொட்டபோது என்ன சத்தம் வந்தது, அதற்கு முதல் நாள் என்ன சமைத்தீர்கள் என்பது வரை கேள்வி போகும். கத்த மாட்டார், திட்ட மாட்டார். ஆனால் காரணம் தெரியாமல் எழுந்திருக்கவும் மாட்டார்.

ஒருமுறை பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் வீட்டில் ஓடாத சீலிங் பேனை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி அண்ணன் சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் என்கிற கூண்டை இறக்குகிற விஞ்சு ஓட்டியவர், இப்போது பென்ஷனர். பேன் சரியாகிவிட்டது, காரணமும் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அக்கா அப்படியே பஸ் ஏறி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். ப்யூஸ் கட்டையும் இடுப்பிலேயே போய்விட்டது. சாயங்காலம் வரை அண்ணன் வீட்டில் கரண்ட் இல்லை. கீரைக் கட்டோடு திரும்பி வந்தவரிடம், “இன்னாம்மா இப்டி மறந்துட்டியே” என்று அண்ணன் கேட்டார். “நான் மறக்கல அண்ணே, நீங்க ஞாபகப்படுத்தல” என்றார் அக்கா. அடுத்தவர் தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இருந்த திறமை தன் தப்பில் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. லைனில் எல்லோருக்கும் இது தெரியும். எதிரே சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசி வீட்டுப் பையனுக்கு நிச்சயமான கல்யாணம் ஒருநாள் திடீரென்று நின்றுபோனது. பெண் வீட்டார் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நேரம் சரியில்லை, ஜாதகம் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். அக்கா மட்டும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பங்காருப்பேட்டைக்கு, பெண் வீட்டுக்கே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் இதுதான். பெண்ணின் அப்பா ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அப்போது வாசலில் ஒருவர் குடித்துவிட்டு மனைவியை ஏசிக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்ததும் மனிதர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். லைன் வீட்டில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி, ஒரே பச்சை. அவர் பார்த்தது மாப்பிள்ளை வீட்டு வாசல் இல்லை, அதற்குப் பக்கத்து வீட்டு வாசல். கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் முதல் இலை அக்காவுக்கு.

அவர் ஏன் இப்படி என்பதற்கு லைனில் ஒரு கதை இருந்தது. அவருடைய கணவர் சுரங்கத்தில் வேலை செய்தவர், சின்ன வயசிலேயே போய்விட்டார். எப்படிப் போனார் என்று யாரும் சரியாகச் சொல்லாததால்தான் அக்கா எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிறார் என்பது அந்தக் கதை. எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவரு மஞ்சக்காமாலையில போனாரு. டாக்டரு தெளிவா சொல்லிட்டாரு. அவரு இருந்தப்பவும் நான் இப்டித்தாம்பா. சோத்துல கல்லு வந்தா எந்தக் கடை அரிசின்னு கேட்பேன். சினிமா பார்த்துட்டு வந்து கதை கட்டாதீங்க” என்றார்.

எல்லா நேரமும் அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். என் அப்பா கோலார் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அன்று, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சி?” என்று மெதுவாகக் கேட்டார். எழுந்து போய்விட்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல வராது, கேட்கத்தான் வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகும் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. அது போனது மல்லிகாவின் மெஷினைப் பார்க்க அக்கா வந்த ஞாயிற்றுக்கிழமை.

மல்லிகா என் மனைவி. முன்னறையில் துணி துவைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். துவைக்கிற மெஷின் எல்லா ஊரிலும் இருக்கும். காய வைக்கிற மெஷின் ஏன் என்றால், எங்கள் ஊர்க் காற்றால்தான். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை இங்கே மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்போம். சுரங்கம் மூடியாகிவிட்டது, மேடு அப்படியே இருக்கிறது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்தப் பொடி மண் பறந்து வந்து சோற்றிலும் விழும், கொடியில் கிடக்கிற வேட்டியிலும் விழும். ஈர வெள்ளைத் துணியில் விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டியதுதான். அதனால் காற்று தொடங்கும் முன்பே கதவிடுக்கு, ஜன்னல் சந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் பழைய துணியால் அடைத்துவிடுவோம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

பெங்களூரில் ஒரு ஓட்டலை மூடியபோது அந்த டிரையர் மலிவாகக் கிடைத்தது. ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய டிரம். பின்பக்கம் ஒரு தடித்த குழாய். உள்ளே சூடாகிற ஈரக் காற்று அந்தக் குழாய் வழியாகச் சுவரில் போட்ட ஓட்டைக்குப் போய், பின்சந்தில் வெளியே வரும். தை மாதம் மாட்டினோம். நன்றாகவே ஓடியது. ஆடி பிறந்ததும் மல்லிகாவுக்கு யோகம் அடித்தது. நர்சிங் படிக்கிற பெண்களின் ஹாஸ்டலிலிருந்து முதல் வருஷப் பெண்களின் யூனிபாரம் மொத்தமும் வந்தது. வெள்ளைக் கோட்டு, வெள்ளை ஏப்ரன். திங்கட்கிழமை அவர்களுக்கு விளக்கேற்றுகிற விழா. காலையில் வேன் வரும், எல்லாம் மடித்துத் தயாராக இருக்க வேண்டும். இது சரியாக நடந்தால் வாராவாரம் ஹாஸ்டல் துணி முழுக்க இங்கேதான் என்று வார்டன் சொல்லியிருந்தார்.

நடக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. ரயிலில் எனக்குப் பழக்கமான சரோஜா அக்கா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். மல்லிகாவுக்காக ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். விடியும் முன் ரயில், இருட்டிய பிறகு ரயில். ஒரு வீட்டில் ஒருவரை ரயிலுக்குக் கொடுத்தால் போதும் என்பது மல்லிகாவின் நினைப்பு. எங்கள் பெண் சாதனா ஸ்கூலிலிருந்து வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டும். ஆனால் கடை அதுவரை சரியாகப் போகவில்லை. “இந்த ஆர்டரும் போச்சின்னா மூடிட்டு ரயிலேறிடறேன்” என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை டிரையரில் சூடு வரவில்லை. டிரம் சுற்றுகிறது, லைட் எரிகிறது, துணி மட்டும் ஈரமாகவே சுற்றி வருகிறது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றி ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார். சூடு வந்தது. சனிக்கிழமை மதியம் மறுபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை போன் போட்டால், “ஹீட்டர் காயில் போயிருக்கும்க்கா. பெங்களூருலேருந்து வரவைக்கணும், வியாழக்கிழமை ஆயிடும்” என்றார். முன்னறை முழுக்கக் கூடை கூடையாக ஈர வெள்ளைத் துணி. வெளியே தூறலும் காற்றும் மாறி மாறி. உள்ளே கொடி கட்டினால் அந்தக் குளிரில் நாலு நாளானாலும் காயாது, நாற்றம் வேறு வரும். மல்லிகா ஒரு கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, “எலி கடிச்சிருக்கும்” என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் எலிதான். அவர் பின்னாலேயே நீலக் கோட்டும் வந்தது. கையில் ஒரு டிபன் பை, அதற்குள் ஒயர் சோதிக்கிற மீட்டர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மீட்டர் போர்டுக்குப் போய் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகினார். மெஷினின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டார். ஸ்டூல் கேட்காமலே வந்தது.

“சொல்லு மல்லிகா. நிக்கறதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சி?”

“ஒண்ணும் நடக்கலக்கா. திடீர்னு நின்னுடுச்சி.”

“திடீர்னு எதுவும் நிக்காது. அது நமக்குத்தான் திடீர்னு.”

பின்மூடியைத் திருகிக் கழற்றினார். மீட்டரின் இரண்டு முனையையும் ஹீட்டர் காயிலில் வைத்தார். மீட்டர் ‘பீப்’ என்றது. “கேட்டியா? காயில் உயிரோட இருக்குது” என்றார். அடுத்து அந்தச் சின்னப் பொத்தான் இருந்த இடத்தில் வைத்தார். சத்தமில்லை. பொத்தானை அமுக்கினார், ‘டக்’ என்றது. மறுபடி வைத்தார், ‘பீப்’.

“இதான் விஷயம். உள்ள சூடு அளவுக்கு மேல போனா இது தானா கரண்டை வெட்டிடும். டிரிப்பு. இது நின்னது குத்தமில்ல, நல்ல புள்ள. நிக்க வெச்சது யாருன்னுதான் பார்க்கணும்.”

மல்லிகா எழுந்தாள். “அப்போ இப்போ போட்டா சூடு வருமாக்கா?”

“வரும்.”

“போடுங்கக்கா.”

“மாட்டேன்.”

“திரும்ப நிக்கும். ரெண்டு தடவை நின்னது மூணாவது தடவை நிக்காதா? நிக்காம போச்சின்னா இன்னும் மோசம், உள்ள பஞ்சு இருக்குது, பத்திக்கும். ஏன் சூடு ஏறுதுன்னு தெரியாம நான் ப்யூஸு குடுக்க மாட்டேன்” என்றார் அக்கா.

மல்லிகா என்றைக்கும் குரலை உயர்த்தாதவள். அன்று உயர்த்தினாள். “உங்களுக்குக் காரணம் வேணும், எனக்குத் துணி காயணும். நாளைக்கு வேன் வரும்போது காரணத்தையா மடிச்சிக் குடுப்பேன்? காஞ்ச வரைக்கும் காயட்டும், ப்யூஸைக் குடுங்கக்கா.” எனக்கும் ஆத்திரம்தான். அப்பா போன நாள் ஞாபகத்துக்கு வந்தது. “குடுத்துடுங்க” என்று கையை நீட்டினேன். அக்கா இடுப்பில் இருந்த கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை.

“மல்லிகா, கை கால் வெந்து போனா அதைத் தைக்க எந்த கார்மென்ட்ஸும் இல்ல. ஒரு மணி நேரம் குடு. கண்டுபிடிக்கலன்னா கட்டையை உன் கையில வெச்சிட்டு நான் போயிடறேன், இனிமே இந்த லைன்ல ஒரு பல்பு கூட மாட்ட மாட்டேன்.”

அக்கா பந்தயம் வைத்து யாரும் பார்த்ததில்லை. மல்லிகா மறுபடி கூடையின் மேல் உட்கார்ந்தாள். விசாரணை தொடங்கியது.

துணியில் வருகிற பஞ்சைப் பிடிக்கிற வலையைத் தினமும் சுத்தம் செய்கிறாளா? செய்கிறாள். எடுத்துக் காட்டினாள், பளிச்சென்று இருந்தது. ஒரேயடியாக நிறையத் துணி திணித்தாளா? இல்லை. நான் ஏதாவது தொட்டேனா? நான் அந்தப் பக்கமே போவதில்லை, போனால் துணி மடிக்கச் சொல்வாள். முனுசாமி அண்ணன் மறுபடி எலி என்றார். “அண்ணே, எலி வந்தா ஒயரு கடிக்கும், டிரிப்பு ஆவாது” என்று அக்கா அவரை உட்கார வைத்தார். பிறகுதான் சரியான கேள்வி வந்தது.

“நிக்கறதுக்கு முன்னாடி மெதுவா காய ஆரம்பிச்சிதா?”

மல்லிகா யோசித்தாள். “ஆமாக்கா. ஒரு வாரமா ரொம்ப நேரம் எடுத்துச்சி. ரெண்டு தடவை ஓட்டினேன். அறை வேற வேர்த்துக்கினே இருந்துச்சி. செவுரெல்லாம் ஈரம்.”

“ஒரு வாரமா. காத்து ஆரம்பிச்சதுலேருந்தா?”

“ஆமா.”

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். மெஷினைச் சுற்றி வந்து குழாயைத் தடவிப் பார்த்தார். நசுங்கவில்லை, மடங்கவில்லை. “சூடு உள்ள வருது, வெளிய போவல. சுரங்கத்து ஷாப்ட்டுல காத்து போக வழி இல்லன்னா கீழ லெவல்ல ஆளு நிக்க முடியுமா? இன்னா அண்ணே?” முனுசாமி அண்ணனுக்கு இது புரிந்தது. சுரங்கத்து ஆள் அல்லவா, தலையை வேகமாக ஆட்டினார். அக்கா பின்மூடியைப் போட்டுத் திருகினார். இடுப்பிலிருந்து கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். “கொஞ்ச நேரம்தான். நான் சொன்னா பிடுங்கிடணும். அண்ணே, நீங்க பின்சந்துல போயி ஓட்டைக்கிட்ட கைய வெச்சிப் பாருங்க.”

நான் கட்டையை மாட்டினேன், மல்லிகா பிளக்கைச் சொருகினாள், மெஷின் ஓடியது. அண்ணனின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. “ஒண்ணும் வரலம்மா.”

“காத்து?”

“காத்தும் இல்ல. ஓட்டையே இல்ல இங்க.”

கட்டையைப் பிடுங்கச் சொல்லிவிட்டு அக்கா நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். லைனைச் சுற்றிப் பின்சந்துக்கு வந்தால், எங்கள் சுவரில் ஓட்டை இருந்த இடத்தில் பழைய புடவைத் துணி ஒன்று கெட்டியாகத் திணித்துக் கிடந்தது. சும்மா திணித்தது இல்லை. சுருட்டி, இறுக்கி, நாலு பக்கமும் மரச்சில்லு அடித்து, காற்று இம்மி நுழையாதபடி செய்த வேலை. பச்சைப் புடவை, கடுகு நிற பார்டர். அந்தப் புடவையை நீலக் கோட்டுக்குக் கீழே நாங்கள் எல்லோரும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறோம்.

ஆடி பிறந்ததும் அக்கா லைன் முழுக்கப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து, கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைப்பது வழக்கம். எல்லார் வீட்டுக்கும் சேர்த்து அவரே செய்வார். போன வருஷ ஆடியில் இந்த ஓட்டை இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டதும் பழைய தண்ணிக் குழாயைப் பிடுங்கின இடம் என்று நினைத்து, மற்றதைவிட ஒரு பங்கு கூடவே இறுக்கி அடைத்திருக்கிறார். முன்பக்கம் மெஷினை நூறு தடவை பார்த்தவர்தான். அதன் மூச்சு இந்தச் சந்தில் வந்து முடிகிறது என்று மட்டும் நினைக்கவில்லை.

முனுசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். நான் மல்லிகாவைப் பார்த்தேன், அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணாடியை மாட்டி அந்தப் பார்டரைத் தொட்டுப் பார்த்தார். ‘நீங்க ஞாபகப்படுத்தல’ என்று எங்கள் தலையில் கட்டப் போகிறார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். சண்டைக்கு வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்தக் கல்யாணப் பந்தியில்கூடப் பார்க்கவில்லை.

“மல்லிகா, ஆளு கெடச்சாச்சி. நானேதாண்டி.”

சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இரண்டாம் வீட்டு ஜன்னல் திறந்தது. “அண்ணே, நீங்க சொன்னதும் சரிதான். எலிதான். கண்ணாடி போட்ட எலி” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மரச்சில்லுகளை டெஸ்டரால் நெம்பி எடுத்து, துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். அது பிடுங்கிக்கொண்டு வந்தபோது பின்னாலேயே ஈரப் பஞ்சு கொத்துக் கொத்தாக வந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இத்தப் பாரு. காஞ்சிருந்தா ஒரு பொறி போதும்.” மல்லிகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கத்தியிருக்கக் கூடாதுக்கா” என்றாள். “நீ கத்தலன்னா நான் பந்தயம் வெச்சிருக்க மாட்டேன். பந்தயம் வெக்கலன்னா இவ்ளோ தூரம் தேடியிருப்பனோ என்னவோ. போயி போடு” என்றார் அக்கா.

குழாயில் மிச்சமிருந்த பஞ்சையும் தட்டி எடுத்தோம். ஓட்டைக்கு வெளியே மண் உள்ளே வராமல், காற்று மட்டும் வெளியே போகிற மாதிரி அக்கா ஒரு தகரத்தை வெட்டிக் கீல் போட்டுத் தொங்கவிட்டார். மெஷின் ஓடினால் தகரம் தானாகத் தூக்கிக்கொள்ளும், நின்றால் மூடிக்கொள்ளும். ப்யூஸ் கட்டையை நானே மாட்டினேன். மல்லிகா முதல் கூடையைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தகரம் மெல்ல அசைந்தது, பிறகு முழுதாகத் தூக்கியது. குளிரும் தூறலுமாக இருந்த சந்தில் எங்கள் சுவரிலிருந்து சூடான காற்று வந்தது, துவைத்த துணியின் வாசனையோடு.

அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “கைய வெச்சிப் பாருங்க” என்றார். இரண்டாம் வீட்டு அம்மா வந்து கை வைத்தார். கடைசி வீட்டு மருமகள், பங்காருப்பேட்டைப் பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் கையையும் நீட்டிக் காட்டினாள். எங்கள் சாதனா அங்கேயே உட்கார்ந்து முடி உலர்த்தினாள். வந்தவரிடமெல்லாம் அக்கா ஆதியோடந்தமாக விசாரணையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும், “அடைச்சது யாருன்ற? நானு” என்று நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடத்தில் குரல் ஏறியது. யாரோ கேலியாக, “உங்க மேலேயே குத்தம் கண்டுபிடிச்சிட்டீங்களேக்கா” என்றார்கள். “வேற யாரு கண்டுபிடிப்பா? லைன்ல ஒரு ஆளுக்காவது துப்பு இருக்குதா?” என்றார். தன் தப்புக்கும் தானே பரிசு வாங்கிக்கொண்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூடை மாற்றிக் கூடை காய்ந்தது. சூடு குறையாத வெள்ளைக் கோட்டுகளை நானும் மல்லிகாவும் மடித்துக்கொண்டே இருந்தோம். முனுசாமி அண்ணனையும் விடவில்லை, ஏப்ரன் நாடாக்களின் சிக்கை அவர்தான் எடுத்தார். அக்காவின் மேல் எனக்கு இருந்த கோபம் எந்தக் கூடையில் போனதென்று தெரியவில்லை. என் அப்பாவைப் பற்றி அவர் கேட்டபோது பதில் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. மடித்துக்கொண்டே அப்பாவின் கடைசி வாரத்தை அவரிடம் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல், கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டப்பா” என்றார்.

திங்கட்கிழமை நான் ரயிலுக்குப் போகவில்லை. வேன் வந்தது, வார்டனும் வந்தார். கன்னடக்காரர், கண்டிப்பானவர். ஒரு கோட்டை எடுத்து உதறினார், காலரைத் திருப்பிப் பார்த்தார், முகத்தருகே வைத்து மோந்தார். வெளியே சயனைடு மண் புகையாகப் பறந்துகொண்டிருந்தது. “இந்த காத்துல எப்படிம்மா இவ்ளோ வெள்ளை?” என்று தன் தமிழில் கேட்டார். மல்லிகா டிரையரைக் காட்டினாள். வார்டன் வேன்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் போய் இன்னும் நாலு மூட்டையை இறக்கி வைத்தார், ஹாஸ்டல் படுக்கை விரிப்புகள்.

வேன் போனதும் மல்லிகாவின் போன் அடித்தது. சரோஜா அக்கா. மல்லிகா புது மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துப் பேசினாள்.

“ஆமாக்கா, யோசிச்சிட்டேன். நான் வரலக்கா. அந்த எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இல்ல, கோவம்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு இங்க வேலை இருக்குது.”

பின்சந்திலிருந்து மூன்றாம் வீட்டு அக்காவின் குரல் வந்தது. “மல்லிகா, சூடு காத்து நின்னுடுச்சி. இங்க நாலு பேரு கைய நீட்டிக்கினு நிக்கறாங்க, அடுத்தத போடும்மா.” மல்லிகா போனை வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள்.